தம்பிக்கு வாய்த்த அப்பா

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் தண்ணீர்க்குழாய் வெடித்து, குளியலறைச் சுவரும் படுக்கையறைத் தரையும் ஊறிப்போயின. எல்லாம் காய்ந்து முடியச் சில கிழமைகள் ஆகும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். உலர்த்தும் இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் அறையில் படுக்க முடியாது. ஒரு பெட்டியில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு கெல்சென்கிர்ச்சனுக்கு, அம்மா அப்பாவிடம் போனேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பிசியோதெரபி நிலையம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். தம்பிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நான் படிக்கவென்று வீட்டை விட்டுப் போனபோது அவன் ஓடி ஓடி விழுகிற குழந்தை. அதற்குப் பிறகு விடுமுறைக்கும் பிறந்தநாளுக்கும்தான் அவனைப் பார்த்திருக்கிறேன். என் அறை அவனுடைய அறையாகி வெகு காலம் ஆகியிருந்தது. எனக்கு வரவேற்பறை சோபாவை விரித்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்து, எசனில் ரயில் மாறி வீட்டுக்கு வந்தபோது வெளியே நன்றாக இருட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் சமையல் மணத்தோடு குசினியில் இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"வடிவாப் பார். ஒரு கட்டம் எத்தனை பிள்ளையள்?"

"ரெண்டு."

"அப்ப இந்தத் தூண் எத்தனை கட்டம் உயரம்?"

நான் ஜாக்கெட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றேன். மேசையில் கணக்குப் புத்தகம் விரித்துக் கிடந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருகிறார்கள் என்று காட்டும் வரைபு. நடந்து வருகிறவர்களுக்கு உயரமான ஒரு நீலத் தூண், பஸ்ஸுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒரு குட்டைத் தூண். இலங்கையில் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இதை நிரல் வரைபு என்பார்கள். ஜேர்மன் மொழியில் இதற்குத் தூண் படம் என்றுதான் பெயர். அப்பாவும் தூண் என்றே சொன்னார். மூக்குக்கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கியிருந்தது. ஒரு கையால் தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டு, மற்றக் கையின் விரலால் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். தம்பி கதிரையில் முழங்கால் போட்டு நின்று, பிஸ்கட் கடித்துக்கொண்டு, பாதி கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை. அது பொறாமை என்று ஒத்துக்கொள்ள எனக்குச் சில நாள்கள் பிடித்தன. சொந்தமாக உழைத்துச் சம்பாதிக்கிற ஒருத்திக்கு எட்டு வயதுத் தம்பி மீது பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த காலத்தில் அப்பா ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். நான் பள்ளிக்கூடத்தால் வர முன்னமே புறப்பட்டுவிடுவார். திரும்பி வரும்போது நான் நித்திரை. காலையில் நான் வெளிக்கிடும்போது அவர் நித்திரை. சத்தம் போடாமல் சப்பாத்து மாட்டு என்று அம்மா சைகையால் சொல்லுவார். உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமையிலும் எங்காவது ஓர் அலுவலகத்தில் அப்பாவுக்கு நேரம் குறித்த டெர்மின் இருக்கும். அப்பா என்றால் எனக்கு அந்த வயதில் மூடியிருந்த படுக்கையறைக் கதவும், குளியலறையில் தொங்கும் வெள்ளை மேற்சட்டையின் வெங்காய மணமும்தான்.

இதே தூண் படப் பாடம் எனக்கும் வந்தது. யார் வீட்டில் என்ன பிராணி வளர்க்கிறார்கள் என்ற படம். நாய், பூனை, முயல், மீன். எந்தத் தூண் எவ்வளவு உயரம் என்று எனக்கு வாசிக்கத் தெரியும். அதற்குக் கீழே இருந்த கேள்விகளில் ஒன்றுதான் என்னைப் படுத்தியது. முயல் வளர்ப்பவர்களைவிடப் பூனை வளர்ப்பவர்கள் எத்தனை பேர் அதிகம்? அதிகம் என்றால் பெரிய தூண்தானே என்று நினைத்து, பூனைத் தூணின் எண்ணை அப்படியே எழுதினேன். ஆசிரியை சிவப்பால் கோடு போட்டார். அடுத்த தாளிலும் அதே மாதிரி எழுதி, அதே மாதிரிக் கோடு வாங்கினேன். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். படம் அவருக்கு விளங்கியது. கேள்வி விளங்கவில்லை.

"இதில என்ன கேட்டிருக்கு, பிள்ளை?"

அதைத் தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அம்மா சொல்லித் தந்திருப்பார். இரண்டு பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அம்மா சோறு போட்டார். கடைசியில் பக்கத்து இருக்கைப் பிள்ளை எழுதுவதை எட்டிப் பார்த்துப் பார்த்து, பெரியதில் இருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன்.

இவ்வளவும் அந்த வாசலில் நின்றபோது ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

கொரோனாக் காலத்தில் அந்த உணவகத்தை மூடிவிட்டார்கள். வேலை போனதும் அப்பா ஜேர்மன் வகுப்புக்குப் போய், பிறகு பஸ் ஓட்டப் படித்து, ஐம்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். எனக்குப் பெருமையாக இருந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பெருமையின் பலன் முழுக்கத் தம்பிக்குப் போய்ச் சேரும் என்று அப்போது யோசிக்கவில்லை. அப்பாவுக்கு இப்போது காலை வேலை. பின்னேரம் தம்பி பள்ளிக்கூடத்தால் வரும்போது வீட்டில் நிற்கிறார். அவனுடைய ஆசிரியையின் பெயர் அவருக்குத் தெரியும். அவனுடன் சண்டை போட்ட பிள்ளை யார், என்ன சண்டை, எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்பதெல்லாம் தெரியும்.

அடுத்த நாள் நான் வந்தபோது அப்பா கத்தரிக்கோலோடு இருந்தார். கோர்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை நீள நீளமாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கட்டம் கீறியிருந்தார். தம்பிக்கும் அதே கேள்விதான் தடக்கியது. எத்தனை பேர் அதிகம்? அப்பா இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது நடந்து வாற ஆக்கள். இது காரில வாற ஆக்கள். ரெண்டையும் ஒண்டா நிப்பாட்டினால் எது மிஞ்சி நிக்குது?"

தம்பி நீளத் துண்டின் மேல் பகுதியைத் தொட்டான்.

"அதுதான் கேக்கினம். முழுத் தூணையும் கேக்கேல்லை. மிஞ்சி நிக்கிற துண்டைத்தான் கேக்கினம். விளங்குதோ?"

தம்பி கொட்டாவி விட்டான். இது அலுப்பு, எப்போது முடியும் என்று ஜேர்மனில் கேட்டான்.

அந்தக் கொட்டாவியை என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குக் கிடைக்காத ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறான். தோள்பையைக் கீழே வைத்துவிட்டு மேசைக்குப் போனேன்.

"அப்பா, விடுங்கோ, நான் சொல்லிக் குடுக்கிறன்" என்றேன்.

அவனோடு ஜேர்மனில் கதைத்தேன். அவனுக்கு அதுதான் சுலபம், எனக்கும் அதுதான் சுலபம். கேள்வியில் இந்தச் சொல் வந்தால் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். மளமளவென்று மூன்று கேள்விகளையும் முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி எழும்பினான். அப்பா வெட்டிய துண்டுகளைச் சேர்த்து ஒரு ரப்பர்வளையத்தால் கட்டி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போனார். வென்றுவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அவர் முதுகைப் பார்த்தபோது அது அரைவாசியாகிவிட்டது.

அதற்குப் பிறகு தம்பி என்னைக் கூப்பிடத் தொடங்கினான். அக்கா கெதியாக முடித்துத் தருவாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுக்க, அப்பா மேசையின் மறுபக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். சில நேரம் நிறுத்தச் சொல்லுவார்.

"பிள்ளை, அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லு. எழுதி வைக்கிறன். பேந்து நீ போனாப் பிறகு நான்தானே பாக்கோணும்."

அவருக்கும் நான் படிப்பித்தேன். அவர் நல்ல மாணவர். ஆனால் நான் விரும்பியது அதுவல்ல. அப்பா என் பக்கத்தில் இருந்து, என் முதுகைத் தடவி, மிஞ்சி நிக்கிற துண்டுதான் பிள்ளை என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் விருப்பம். இருபத்துநான்கு வயதில் அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு சனிக்கிழமைக்கு வேறு விதமான வீட்டுப்பாடம் வந்தது. ஒரு தெருவோரத்தில் நின்று, கொஞ்ச நேரத்தில் என்னென்ன வாகனங்கள் போகின்றன என்று எண்ணி, அதைத் தூண் படமாகக் கீறிக்கொண்டு போக வேண்டும். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். தம்பி மாட்டேன் என்றான்.

"அப்பாவோடதான். அப்பாக்கு எல்லா பஸ்ஸும் தெரியும்."

இரண்டு பேரும் தொப்பி போட்டுக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா தக்காளி வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினார். கடையை விட்டு வெளியே வந்தபோது தெருவின் மறுபக்கத்து பஸ் தரிப்பில் அவர்களைக் கண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நீள வாங்கு ஒன்றில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஒவ்வொரு வாகனமாகக் கத்திச் சொல்ல, அப்பா மடியில் வைத்திருந்த தாளில் கோடு போட்டார். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தார். ஒரு பஸ் வந்தது. ஓட்டுநர் அப்பாவைக் கண்டுவிட்டு ஹோர்ன் அடித்தார். அப்பா கையைத் தூக்க, தம்பியும் தூக்கினான். பஸ்ஸையும் ஹோர்னையும் எண்ணுவதா, பஸ்ஸை மட்டும் எண்ணுவதா என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அப்பா தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். அப்படிச் சிரிக்கும் அப்பாவை நான் வீட்டில் கண்டதில்லை.

அப்பா என்னைக் கண்டுகொண்டார். "பிள்ளை, இஞ்சாலை வா. நீ சைக்கிளை எண்ணு" என்று தெருவுக்கு மேலால் கூப்பிட்டார்.

"எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

பின்னேரம் படம் கீற உட்கார்ந்தார்கள். கார்கள் அதிகம். ஒரு காருக்கு ஒரு கட்டம் என்றால் தாள் போதாது. ஒரு கட்டத்துக்கு ஐந்து என்று வைப்போம் என்றார் அப்பா. அப்படி வைத்தால் மூன்று சைக்கிள்களைக் கீற முடியவில்லை. ஒரு கட்டத்தை எங்கே வெட்டுவது என்று தம்பிக்குப் பிடிபடவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்துபோயிற்று. பென்சிலை எறிந்தான்.

அப்பா குனிந்து பென்சிலை எடுத்தார். "பரவாயில்லை. வேற தாள் எடு. ஒரு கட்டத்தை முதல்ல ஐஞ்சாப் பிரிப்பம்."

அந்தத் தாளிலும் கோடு கோணலாகப் போயிற்று. அப்பா இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்தார். குரலில் கொஞ்சமும் சூடு இல்லை. நான் அடுப்படியில் தக்காளி வெட்டிக்கொண்டு நின்றேன். கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எனக்கு இப்பிடி ஒரு நாள் இருந்து சொல்லித் தந்தனீங்களோ அப்பா?"

கேட்ட பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது. அக்கா ஏன் கத்துகிறாள் என்று தம்பி ஜேர்மனில் கேட்டான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லை" என்றார்.

வேலை என்பார், உங்களுக்காகத்தானே என்பார் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். இல்லை என்பார் என்று நினைத்திருக்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார். "நான் வீட்டில நிண்டிருந்தாலும் உனக்குச் சொல்லித் தந்திருக்க ஏலாது, பிள்ளை. அப்ப எனக்குத் தட்டுக் கழுவுற இடத்தில பேசுற ஜேர்மன்தான் தெரியும். நீயும் ஒண்டும் கேக்கிறேல்லை. எல்லாம் தானாச் செய்யிற பிள்ளையெண்டு நாங்கள் நினைச்சம்."

"கேக்க ஆர் இருந்தது?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்துத் தானாகவே சைக்கிள் தூணைக் கீறி முடித்தான். சரியாகவே கீறியிருந்தான்.

அடுத்த நாள் அம்மாவோடு உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவின் சட்டை ஒன்றை உதறிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உனக்கு அவனில பொறாமை."

ஓம் என்று தலையாட்டினேன்.

"எனக்கும்தான்" என்றார் அம்மா. "நான் இப்ப பின்னேர வேலைக்குப் போறன். நான் வெளிக்கிடேக்கை மனுசன் வாறார். இவ்வளவு காலமும் நான் தனியா இருந்தன், இப்ப அவர் வீட்டில நிக்கேக்கை நான் இல்லை. அப்பன்ர சிரிப்பெல்லாம் மகனுக்கு. எனக்குக் கிடைக்கிறது வாசலில 'சாப்பாடு எங்கை இருக்கு' எண்ட கேள்வி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் அது இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் எனக்குப் பங்காளி கிடைத்ததால் பொறாமை குறையவில்லை. வெளியே சொல்லத்தக்க ஒன்றாக மாறியது, அவ்வளவுதான்.

அந்தப் பாடத்துக்குப் பரீட்சை வந்தது. தம்பி இரண்டு எடுத்தான். இங்கே ஒன்றுதான் மிக நல்ல புள்ளி, இரண்டு அதற்கு அடுத்தது. அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் வரவேற்பறைக்குமாக நடந்தார். எத்தனை பேர் அதிகம் என்ற கேள்வி அதில் இரண்டு இடத்தில் வந்திருந்தது; இரண்டும் சரி. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்குத் தன் கோர்ன்ஃப்ளேக்ஸ் துண்டுகள் ஞாபகம் வந்திருக்கும்.

"நீ இதில என்ன எடுத்தனீ?" என்று திடீரென்று என்னைக் கேட்டார்.

"ஒண்டு."

"ஒண்டோ?"

"ஓம். கணக்கில எனக்கு எப்பவும் ஒண்டுதான் அப்பா. நாலாம் வகுப்பு முடியும்வரைக்கும்."

அவர் தாளை மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியாது" என்றார். "ஆரும் சொல்லேல்லை."

எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது. ஏதோ விலையுள்ள சாமானைத் தன் வீட்டிலேயே வைத்திருந்து, அது அங்கே இருந்ததை இப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி நின்றார்.

அன்று கனடாவில் இருக்கும் பெரியப்பா போன் எடுத்தார். அப்பா வரவேற்பறையில் கதைக்க, நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். தம்பியின் பரீட்சை, தூண் படம், தெருவில் வாகனம் எண்ணியது எல்லாம் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "மூத்தவள் உதில ஒண்டு எடுத்தவள், தெரியுமோ? அவளுக்குக் கணக்கில எப்பவும் ஒண்டுதான்" என்றார். நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடேயே, தம்பியைத்தானே முதலில் சொன்னார் என்றும் நினைத்தேன்.

வுப்பர்டால் வீடு காய்ந்து முடிந்தது. நான் திரும்பிப் போனேன். போன பிறகு தம்பி சில நாள் போனில் கூப்பிட்டு, கிலோவும் கிராமும் விளங்கவில்லை என்றான். பின்னணியில் அப்பா சமையல் தராசைக் கொண்டுவருகிற சத்தம் கேட்கும். பிறகு அழைப்புகள் குறைந்தன. அவர்கள் தாங்களே சமாளித்துக்கொண்டார்கள். அது பற்றிச் சந்தோசப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வசந்தம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தனியாக என் வீட்டுக்கு வந்தார். சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். கையால் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். அது முடிந்த பிறகு இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"உந்தத் தொங்கிற ரயிலில நான் ஒருக்காலும் போனதில்லை" என்றார்.

ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை போனோம். மேலே இருக்கும் தண்டவாளத்தில் தொங்கியபடி போகும் ரயில் அது; கீழே ஆறு ஓடியது. அவர் முன்பக்கம் போய் நின்று, ஓட்டுநர் எப்படி நிறுத்துகிறார், கதவை எப்போது திறக்கிறார் என்று கூர்ந்து பார்த்து எனக்கு விளக்கினார். வளைவில் எவ்வளவு முன்னமே வேகத்தைக் குறைக்கிறார், ஏன் குறைக்கிறார் என்று சொன்னார். எனக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். ஒன்றும் தெரியாத மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றேன். இடையில் ஏன் என்றும் கேட்டேன். அவர் மறுபடியும் சொன்னார்.

அப்போது அப்பாவின் போனுக்குத் தம்பியிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிந்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"என்னை விட்டிட்டு அந்த ரயிலில போறீங்களோ?" என்றான். அது நியாயமே இல்லை என்று ஜேர்மனில் சேர்த்துச் சொன்னான்.

"பேந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்காமல் அழைப்பை வெட்டிவிட்டான்.

அப்பா என்னைப் பார்த்தார். "அவனுக்கு எரிச்சல்" என்றார்.

"இருக்கட்டும் அப்பா" என்றேன்.

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடைசி நிலையத்தில் இறங்கியதும், திரும்பிப் போகும் ரயிலிலும் முன்பக்கத்தில் இடம் பிடிக்கலாம் வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.